ரியூனியனில் படிப்பு முடியும் கடைசி வாரங்கள்: மலை, காடு, கடல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனின் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ படிக்க வரும் பிள்ளைகள், மே மாதம் பரீட்சை முடிகிற நேரத்தில் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நானும் புதுச்சேரியிலிருந்து அப்படி வந்தவள்தான். படித்து முடித்து, வேலை கிடைத்து, தலைநகர் சேன் தெனியில் பல்கலைக்கழகத்தின் மூஃபியா வளாகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அக்கா, பரீட்சை முடிந்துவிட்டது. விமானத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. தீவு முழுவதையும் சுற்றிவிடலாமா?

கடற்கரைச் சாலையில் காரை எடுத்தால் ஒரே நாளில் தீவைச் சுற்றி வந்துவிடலாம். மொத்தமே சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அது ரியூனியனைப் பார்த்ததாகாது. இந்தத் தீவு உள்ளே இருக்கிறது, மேலே இருக்கிறது. அங்கே கார் போகாது, அல்லது போனாலும் மேகம் மறைத்துவிடும். பத்து இடங்களின் பட்டியலோடு கிளம்பிய பிள்ளைகள் பலர், பார்வை முனையில் நின்று வெள்ளைப் புகைமூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: மூன்று வாரத்துக்கு மூன்று இடம் போதும். போகிற இடத்தில் இரவு தங்குங்கள். மலையில் தங்கினால்தான் அதன் காலையும் மாலையும் உங்களுக்குக் கிடைக்கும். மீதி நாட்களை உங்களுக்கு ஏற்கெனவே பழகிய இடங்களுக்கே கொடுங்கள். வாரா வாரம் போய் உட்கார்ந்த கடற்கரை, ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து தெரிந்த மலை, பப்பாங் கேபிள் காரில் வகுப்புக்குப் போகும்போது பார்த்த பள்ளத்தாக்கு. புது இடத்தைவிட அவற்றைத்தான் ஊருக்குப் போய் நினைப்பீர்கள்.

மே, ஜூன் நல்ல காலமா? ஊரில் அது கொளுத்துகிற வெயில் ஆயிற்றே.

இங்கே அது குளிர்காலத்தின் தொடக்கம். நடப்பதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. புயல் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் இங்கே பெய்யும் மழையை நம் ஊர் ஐப்பசி மழையோடு ஒப்பிடவே முடியாது. 1966 ஜனவரியில் தெனீஸ் புயலின்போது ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைப் பக்கம் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர். இரண்டுமே உலகச் சாதனைகள்.

மே பிறந்ததும் காற்று காய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் ஆகிவிடும். கரும்பு பூக்கத் தொடங்கும். கிழக்குக் கரையில் சேன் ஆந்த்ரே, சேன் பெனுவா பக்கம் போனால் மலையடிவாரம் வரை வெள்ளியும் ஊதாவுமாகக் கரும்புப் பூ ஆடுவதைப் பார்க்கலாம். அறுவடை ஜூலையில் தொடங்கிவிடும். அதனால் இந்த அழகு உங்களைப் போல ஜூனில் கிளம்புகிறவர்களுக்குத்தான் முழுசாகக் கிடைக்கும்.

இரண்டு விஷயம் மட்டும் மறக்க வேண்டாம். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் மலைச்சரிவில் மேகம் ஏறத் தொடங்கிவிடும். அதனால் எல்லாவற்றையும் விடியலில் தொடங்குங்கள். ஜூனில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்குள் தங்குமிடம் சேருங்கள்.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் எங்கே போகச் சொல்வீர்கள்?

மஃபாத். யோசிக்காமல் சொல்வேன்.

தீவின் நடுவில் மலைச்சுவர்கள் சூழ்ந்த மூன்று பெரும் பள்ளங்கள் இருக்கின்றன: சலாசி, சிலாவோஸ், மஃபாத். இவற்றை இங்கே சிர்க் என்பார்கள். இந்த மூன்றில் மஃபாத்துக்கு மட்டும் சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். உள்ளே சில நூறு பேர் சின்னச் சின்ன ஊர்களில் வாழ்கிறார்கள். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஹெலிகாப்டரில்தான் வரும். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து.

முதல் முறை போகிறவர்களுக்குச் சுலபமான வழி சலாசிப் பக்கமிருந்து. சேன் ஆந்த்ரேயிலிருந்து பஸ்ஸில் மேலே ஏறி, கிரான் இலே ஊரைத் தாண்டி, கோல் தே பே கணவாய்க்குப் போய், அங்கிருந்து லா நுவெல் ஊருக்கு இறங்க வேண்டும். மெதுவாக நடந்தாலும் இரண்டு, இரண்டரை மணி நேரம். இடையில் தாமரின் சமவெளி வரும். அங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். தாமரின் என்றால் நம் புளியமரம் அல்ல. வேல மர இனம், இந்தத் தீவில் மட்டுமே இயற்கையாக வளர்வது. புயலுக்குப் புயல் சாய்ந்து, சாய்ந்த இடத்திலிருந்தே மறுபடி நிமிர்ந்த மரங்கள். சில மரங்கள் தரையோடு படுத்து, கிளையை மட்டும் மேலே தூக்கி நிற்கும். பட்டை முழுக்கப் பாசி, கிளைகளிலிருந்து சாம்பல் பச்சை நிறத்தில் லைக்கன் தொங்கும். காலை ஏழரை மணிக்கு அங்கே போனால் பனி இன்னும் கலைந்திருக்காது. காலடியில் தண்ணீர் கசியும் சத்தமும், எங்கோ ஒரு தெக்-தெக் குருவியின் குரலும் மட்டும் இருக்கும். அந்தக் குருவிக்குப் பயமே கிடையாது. நீங்கள் உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிளையில் வந்து உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். அதுவும் இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை.

இரண்டு இரவு தங்குங்கள். ஒரு இரவு லா நுவெல், ஒரு இரவு மார்லா. மார்லா இன்னும் உயரத்தில் இருக்கிறது, குளிரும் அதிகம். தங்கும் விடுதிகளில் இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மேசையில்: சோறு, பீன்ஸ், கோழிக் கறி, தக்காளி ருகாய் என்ற காரச் சட்னி. சைவம் சாப்பிடுகிறவர்கள் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், தட்டாமல் செய்து தருவார்கள். சாப்பிட்டு முடித்து வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். புதுச்சேரியில் தெற்கு வானத்தில் பார்க்கிற விருச்சிகம் இங்கே ஜூன் இரவில் தலைக்கு மேலேயே நிற்கும். அதற்காகவே, கிளம்புமுன் ஊர்த் தினசரிக் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மஃபாத்தில் இருப்பவர்கள் யார்? தமிழர்கள் உண்டா?

இந்த மலைகளுக்கு முதலில் வந்து ஒளிந்தவர்கள் தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள். மஃபாத் என்பதே அப்படித் தப்பி வந்த ஒருவரின் பெயர் என்பார்கள். சிமாந்தெஃப், ஆன்ஷேன் என்று சிகரங்களுக்கும் அவர்கள் பெயர்தான். அடிமை முறை 1848 டிசம்பர் 20-ல் இங்கே ஒழிந்தது. பிறகு நிலமில்லாத ஏழை வெள்ளையர் குடும்பங்களும் உள்ளே வந்து குடியேறின.

நம்மவர்கள் பெரும்பாலும் கீழே, கரும்புத் தோட்டங்களில் இருந்தார்கள். அடிமை முறை போனதும் தோட்டக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளை அழைத்து வந்தார்கள். 1860-ல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை பெருகியது. அவர்களுடைய பிள்ளைகள் வழியில் வந்தவர்களைத்தான் இங்கே மல்பார் என்கிறார்கள். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். கோயிலில் கேட்பது தமிழ். மலையில் நிற்கும்போது கீழே பச்சையாகத் தெரிகிற கரும்பு வயலைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வயலில் கல் பொறுக்கிக் குவித்த கைகளில் நம் ஊர்க் கைகளும் உண்டு.

எரிமலைக்குப் போகலாமா? வெடித்தால் என்ன செய்வது?

கட்டாயம் போங்கள். பித்தோன் தெ லா ஃபூர்நேஸ் (2,632 மீட்டர்) உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. ஆனால் அது பெரும்பாலும் பிளவுகளிலிருந்து குழம்பாக வழியும் வகை. பூர்-முராவில் உள்ள ஆய்வு நிலையம் இரவு பகலாக அதைக் கண்காணிக்கிறது. அறிகுறி தெரிந்ததுமே எரிமலையைச் சூழ்ந்த பெரும் பள்ளத்துக்குள் இறங்கும் பாதையை மூடிவிடுவார்கள். பாதை மூடியிருந்தால் சங்கிலியைத் தாண்டாதீர்கள். மேலே விளிம்பிலிருந்து பார்க்க அனுமதிக்கும் நாட்களும் உண்டு. இரவில் அந்தச் சிவப்பைப் பார்க்கக் கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

அந்தப் பள்ளத்தின் விளிம்பில் உள்ள பா தெ பெல்கோம்ப் (2,311 மீட்டர்) வரை கார் போகும். பஸ் அங்கே போகாது. நாலு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுங்கள். அதற்கு முன்னால் சாலை மணல் சமவெளிக்குள் இறங்கும். செம்மண்ணும் கரித்தூளும் கலந்த நிறம், ஒரு மரம்கூட இல்லாத பெருவெளி. காரை அங்கே ஓரம்கட்டி இறங்கி நில்லுங்கள். பா தெ பெல்கோம்பிலிருந்து படிக்கட்டில் பள்ளத்தில் இறங்கினால் ஃபோர்மிகா லியோ என்ற சின்னக் கூம்பு. பிறகு உறைந்த குழம்பின்மேல் நடை. குழம்பு எப்படி ஓடியதோ அப்படியே, முறுக்கிய கயிறு மாதிரி மடிப்பு மடிப்பாக உறைந்திருக்கும். பாறையில் வெள்ளைப் பெயின்ட் பொட்டுகள் வழிகாட்டும். பனி இறங்கினால் அந்தப் பொட்டுகள்தான் உயிர். அடுத்த பொட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தெரிகிறவரை நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

உச்சியில் எரிமலையின் வாயான தோலோமியு பள்ளம். 2007 ஏப்ரல் வெடிப்பின்போது அதன் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. போய்த் திரும்ப ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்கள் கிழக்குக் கரைச் சாலையில் கிரான் பிரூலே போனால், கடல் வரை வந்து நின்ற குழம்பின் நடுவே சாலை போவதைப் பார்க்கலாம். அந்தப் பக்கமே பித்தோன் சேன் ரோஸ் ஊரில், 1977-ல் குழம்பு வாசல் வரை வந்து, கட்டடத்தை விட்டு இருபுறமும் பிரிந்து ஓடிய மாதா கோயில் இருக்கிறது.

பித்தோன் தே நேஜ் உச்சியில் சூரிய உதயம் பார்க்க எல்லோரும் போகிறார்கள். நானும் போக வேண்டுமா?

கால் பழகியிருந்தால் போங்கள். 3,071 மீட்டர், இந்தியப் பெருங்கடலிலேயே உயரமான சிகரம். சிலாவோஸிலிருந்து ஏறி, 2,478 மீட்டரில் உள்ள காவெர்ன் துஃபூர் விடுதியில் தூங்கி, விடிகாலை மூன்று, நாலு மணிக்கு டார்ச்சோடு கிளம்ப வேண்டும். ஜூனில் மேலே தண்ணீர் உறையும் குளிர். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் பரீட்சைக்கு முன்னாலேயே புக் செய்யுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம். இறக்கம் மிகக் கொடியது. அதற்குப் பதிலாக மாய்தோ முனையில் (சுமார் 2,200 மீட்டர்) விடியலில் நின்றால் மஃபாத் முழுவதும் காலடியில் விரியும்.

கடலில் குளிக்கலாமா?

பவளத்திட்டு அரண் உள்ள எர்மித்தாஜ், லா சலீன் பக்கம் குளிக்கலாம். அதற்கு வெளியே, கண்காணிப்பும் வலையும் இல்லாத இடங்களில் 2013 முதல் தடை இருக்கிறது. காரணம் சுறா. அலை எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இந்த விஷயத்தில் விளையாட வேண்டாம். பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். அது 2007 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி.

எர்மித்தாஜ் கரையில் நிற்பவை நம் சவுக்கு மரங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே குடும்பம் குடும்பமாகச் சட்டி பானையோடு வந்து, நிழலில் பாய் விரித்து, கறியும் சோறும் அங்கேயே சமைப்பார்கள். கண்ணில் பட்டால் சிரித்து வணக்கம் சொல்லுங்கள். ஒரு தட்டு நிச்சயம் உங்கள் பக்கம் வரும். ஜூன் கடைசியில் அந்த மேற்குக் கரையிலிருந்தே திமிங்கிலத்தின் நீர்ப்பீச்சலும் தெரியலாம். அன்டார்டிகா பக்கமிருந்து குட்டி போட இங்கே வருபவை அவை.

கோயிலில் பழகிய குடும்பம் மலைக்கு அழைக்கிறார்கள். போகலாமா, என்ன கொண்டுபோக வேண்டும்?

இதைத்தான் முதல் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றும். சேன் ஆந்த்ரேயில் கோலோஸ் கோயிலிலோ, சேன் தெனியிலோ சேன் பியேரிலோ உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆயா இருந்தால், அவர் அழைக்கிற இடத்துக்கு மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். ஜூனில் பெரும்பாலும் பிளேன் தே பல்மிஸ்த் மேட்டுக்குக் கோயவியே பழம் பறிக்கக் கூப்பிடுவார்கள். நெல்லிக்காய் அளவில், கருஞ்சிவப்பாக, புளிப்பும் இனிப்புமான ஒரு கொய்யா இனம். விரல் நுனியால் லேசாகத் திருகினாலே கையில் விழும். இன்னும் கொஞ்சம் பச்சை தட்டியதை உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பார்கள். நம் ஊர்க் கிளிமூக்கு மாங்காய் ஞாபகம் வரும். நன்கு சிவந்ததை ஜாம் கிண்டுவார்கள்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தச் செடி பிரேசில் பக்கமிருந்து வந்து, இங்கத்திய காட்டை மெல்ல விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் பழத்தைத் தாராளமாகப் பறியுங்கள், ஆனால் தின்ற விதையை வழியில் துப்பாதீர்கள். காலணியின் அடியில் ஒட்டிய சேற்றை இறங்கின இடத்திலேயே தட்டிவிடுங்கள். பெபூர், பெலூவ் போன்ற பூர்வீகக் காடுகளுக்குள் போகும் முன் இது முக்கியம். 2007-ல் தேசியப் பூங்காவாகி, 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த காடு இது.

கையில் என்ன கொண்டுபோவது? வீட்டிலேயே சுட்ட முறுக்கோ, லட்டோ போதும். ஆயாவின் கையிலிருந்து முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் பதிலுக்கு வரும். கிரியோல் வராவிட்டாலும் கவலை வேண்டாம். கூட நடந்தாலே போதும்.

அம்மா அப்பா பயப்படுகிறார்கள். தனியாகப் போகலாமா?

பெற்றோருக்கு நேரடியாகச் சொல்கிறேன்: பாதைகளில் பலகை இருக்கிறது, விடுதிகள் இருக்கின்றன, மீட்புப் படை இருக்கிறது. ஆபத்து நேர்ந்தால் 112. ஆனாலும் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் குறையாமல் போவதே நல்லது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வனத்துறைத் தளத்தில் கிளம்பும் அன்று காலை பாருங்கள். 2025 பிப்ரவரி 28-ல் கரான்ஸ் புயல் அடித்தபின் பல பாதைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மழை பெய்தபின் ஆற்றைக் கடக்க வேண்டாம். போகிற வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். மஃபாத்தில் பல இடங்களில் போன் எடுக்காது.

டிசம்பரில் கிளம்புகிறவர்களுக்கு?

உங்களுக்கு வேறொரு தீவு கிடைக்கிறது. மயில்கொன்றை போலச் சிவந்த ஃபிளாம்புவாயான் பூ தெருவெல்லாம், லிச்சி கொத்துக் கொத்தாகச் சந்தையில். டிசம்பர் 20-ல் அடிமை ஒழிப்பு நாள் கொண்டாட்டம், இரவு முழுக்க மலோயா மேளம். ஆண்டு முடிவில் தீமிதிகளும் உண்டு. மாலையில் மேற்குக் கரையில் நின்றால் பாரோ பெட்ரல் பறவைகள் கடலிலிருந்து மலைக் கூட்டுக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். உலகத்தில் இந்தத் தீவின் உச்சிகளில் மட்டும் குஞ்சு பொரிக்கும் பறவை அது. ஏப்ரலில் குஞ்சுகள் முதன்முதலாகக் கடலுக்குப் பறக்கும்போது தெருவிளக்கில் மயங்கி விழுந்துவிடும் என்பதால் பல ஊர்களில் விளக்கை அணைத்துவைப்பார்கள். நடைக்கு மட்டும் டிசம்பர் அவ்வளவு உகந்ததல்ல. பிற்பகல் மழை உண்டு.

நினைவாக என்ன எடுத்துப்போகலாம்?

எரிமலைக் கல் வேண்டாம். பூங்காவிலிருந்து எடுப்பது தடை. செடியோ விதையோ சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குள் விடமாட்டார்கள். வனிலா எடுத்துப்போங்கள். 1841-ல் எத்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் வனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் முறையை இங்கேதான் கண்டுபிடித்தான். இன்றும் உலகம் முழுக்க அந்த முறையில்தான் செய்கிறார்கள். சிலாவோஸ் பருப்பும் நல்லது. அம்மாவிடம் கொடுத்துச் சாம்பார் வைக்கச் சொல்லுங்கள்.

அறையை ஒப்படைப்பது, பொருட்களைத் தள்ளுவது எல்லாம் எப்போது?

மலைக்குப் போகும் முன்பே. ஹாஸ்டலுக்குக் காலி செய்யும் தேதியை எழுத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வங்கிக் கணக்கு, போன் ஒப்பந்தம் இரண்டையும் மே மாதமே முடித்துவிடுங்கள். விமானத்துக்கு முந்தைய இரண்டு நாள் உயரத்துக்குப் போக வேண்டாம். சாலை அடைபட்டால் இறங்க முடியாது. தூக்கப் பை, குளிர்ச்சட்டை, தலையில் கட்டும் டார்ச், மலைக் காலணி இவற்றை ஊருக்குச் சுமக்காதீர்கள். துவைத்து, சேற்றைக் கழுவி, காயவைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆகஸ்ட் கடைசியில் அடுத்த பிள்ளைகள் வருவார்கள், பெரும்பாலும் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல்.